தேன் வடியும் கொறங்காடு

கிளுவங்காட்டுப்புதூர்ப் பக்கம் சென்னியப்பனுக்கு இருந்த பேர் லேசுப்பட்டதல்ல. இருபத்தாறு வருடமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். அவர் கை பட்டால் முதல் ஊசியிலேயே சினை நின்றுவிடும் என்று பத்து ஊர் தாண்டி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் விந்து உறையவைத்த நைட்ரஜன் குடுவையைக் கட்டிக்கொண்டு அவர் ஒரு ஊருக்குள் நுழைந்தால் புது மாப்பிள்ளைக்குக் கிடைக்காத மரியாதை அவருக்குக் கிடைக்கும். அந்தப் புகழ் அவர் தலையில் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் அவர் மனைவி சாந்தாமணியே சிரித்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்ட கை, சொந்த ஊரில் இரண்டரை வருடமாக ஒரு மாட்டைக்கூடச் சினையாக்கவில்லை.

ஊர் என்றால் பெரிய ஊரில்லை. பதினேழு வீடு. வீடுகளைச் சுற்றிக் கொறங்காடுகள். கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். நாலு பக்கமும் முள் கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக இருக்கும். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் இராப்பகலாக அதுபாட்டுக்கு மேயும். பதினேழு கொறங்காடும் ஒன்றோடொன்று ஒட்டி ஊரையே வளைத்துக் கிடந்தன. வெளியே போக ஒரே வழி, தார் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்தில்.

மூன்று வருடம் மழை பொய்த்துப் புல் வேரோடு கருகியபோது, ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து புது விதை கொண்டுவந்தவரும் சென்னியப்பன்தான். வறட்சி தாங்கும் கொழுக்கட்டைப் புல் என்று கொடுத்தார்கள். மூட்டை மூட்டையாகத் தன் வண்டியிலேயே கட்டிவந்து, முதல் மூட்டையைச் சம்பந்தி தெய்வசிகாமணியின் பெரியதோட்டத்துக் கொறங்காட்டில் தன் கையாலேயே தூவினார். கைராசிக்காரர் தூவினால் நல்லது என்று எல்லாரும் அவரையே கூப்பிட்டார்கள்.

புல் வந்தது. சித்திரை வெயிலிலும் பச்சை மாறாமல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. விடியற்காலையில் அதன் கதிரிலிருந்து பிசுபிசுவென்று தேன் மாதிரி ஒன்று வடிந்தது. கம்பங்கதிரில் தேன் ஒழுகினால் காட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார், அது நோய். இங்கேயோ மாடுகள் அந்தத் தேனுக்காகவே பொழுது விடியக் காத்திருந்தன. அவற்றின் மேலெல்லாம் மினுமினுப்பு ஏறியது. கன்று போட்டு வருடக்கணக்காகியும் பால் வற்றவில்லை. மறுசினை இல்லை, கன்று இல்லை, ஆனாலும் காலையும் மாலையும் குடம் குடமாகப் பால். முதலில் ஊரார் வாயைப் பிளந்தார்கள். பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். வருகிற சீதேவியை எட்டி உதைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

"ஏனுங் சம்மந்தி, ஊசி இல்லாமயே பாலு வருது. இனி உங்களுக்கு இங்கென்ன சோலி?" என்று தெய்வசிகாமணி கேலி பேசுவார். சென்னியப்பனும் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

கைராசி போனது மட்டும்தான் கவலை என்றால் காலப்போக்கில் ஆறியிருக்கும். மகள் தாரணியை அந்தப் பெரியதோட்டத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தார், இரண்டு தெரு தள்ளி. கல்யாணமாகி மூன்று வருடம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கோயமுத்தூரில் பெரிய டாக்டர் இரண்டு பேருக்கும் குறையில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி வைத்தியம் பார்த்தார்கள். ஊரிலிருந்து நாள் தவறாமல் பஸ்ஸில் பாலும் நெய்யும் போய்க்கொண்டிருந்தன. டவுன் பாலைக் குடித்து மருமகள் உடம்பு கெட்டுவிடக் கூடாதல்லவா?

திரும்பி வந்த பிறகு தாரணியின் மாமியார் பேச்சு மாறியது. "எங்க பையனுக்கு வேற எடம் பாக்கச் சொல்லி ஒறம்பரை சொந்தமெல்லாம் பேசறாங்க. தீவாளி வரைக்கும் பாக்கலாம்னு சொல்றாங்க. நான் அதையெல்லாம் காதுலயே போட்டுக்கறதில்லீங்" என்று சாந்தாமணியிடம் வந்து சொன்னாள். காதில் போட்டுக்கொள்ளாதவள் எதற்கு மெனக்கெட்டு நடந்து வந்து அதைச் சொல்ல வேண்டும்? தீபாவளி வரைக்கும் கெடு என்பது பெற்றவர்கள் இருவருக்கும் புரிந்தது.

ஒரு நாள் காலை பெரியதோட்டத்துக் கொறங்காட்டில் செவலை மாடு ஒன்றைக் கம்பித் தடுப்புக்குள் நிறுத்தி, தோள் வரை கையுறை மாட்டிக்கொண்டு சென்னியப்பன் கை விட்டுப் பார்த்தார். சினையில்லாத மாட்டின் கருப்பைகூடத் தொட்டால் லேசாகச் சுருங்கி விரியும். அவர் விரல்களுக்கு அது இருபத்தாறு வருடப் பழக்கம். இது அசையவில்லை. தொடுகிறார்கள் என்று தெரிந்து மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது போலிருந்தது. சட்டென்று கையை உருவிக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தார். மற்ற மாடுகள் காடு முழுக்கப் பரவி நின்றிருந்தன. எதுவும் எதையும் உரசவில்லை. கயிறு பிடித்து அளந்து நிறுத்தியது மாதிரி ஒன்றுக்கொன்று ஒரே தூரம். செவலையைப் பிடித்து வந்துவிட்டதால் அது நின்ற இடம் மட்டும் காலி. அந்தக் காலி இடத்தைச் சரிக்கட்ட மற்ற இருபத்தொரு மாடுகளும் மேய்ந்தபடியே, மெல்ல மெல்ல, நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு சத்தமில்லை. பருவத்துக்கு வந்த மாடு கத்துவதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கே வரவில்லை. பட்டப்பகலில் அவருக்குப் பயமாக இருந்தது.

மாசியில் ராமாத்தாளின் மாடு ஒன்று பாம்பு தீண்டிச் செத்தது. புருஷனை இழந்தவள், நான்கு மாடுதான் அவள் ஜீவனம். அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. போன மாட்டின் குளம்படி காய்வதற்குள் வருகிற மாடு உள்ளே வந்துவிட வேண்டும். மாட்டை விற்கப் போனவர் சந்தையிலிருந்து வெறுங்கையோடு திரும்ப மாட்டார். பழையதைக் கொடுத்த கையோடு புதியதைப் பிடித்துக்கொண்டுதான் படலைத் திறப்பார். மாடு கட்டாத காலித் தறி வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ராமாத்தாளுக்கு வாங்கச் சக்தியில்லை. தறி காலியாகக் கிடந்தது.

பங்குனியில் அவளுடைய மயிலை மாடு கத்தியது. ஊரே வெளியே வந்து நின்று கேட்டது. சென்னியப்பன் குடுவையோடு ஓடினார். ஆனியில் கை விட்டுப் பார்த்தபோது கருப்பை கனத்து, உயிரோடு, அவர் விரலுக்கு நெகிழ்ந்து கொடுத்தது. கையைக்கூடக் கழுவாமல் அந்தக் காட்டு மண்ணிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். "ஏனுங்ணா, மாடு என்னுது. நீங்க எதுக்கு அழுவறீங்?" என்றாள் ராமாத்தாள்.

தெய்வசிகாமணி நல்ல மனிதர். அதைச் சொல்லியாக வேண்டும். சினை மாடு நிற்கிற காட்டில் காலித் தறி கிடப்பது அவர் மனசை உறுத்தியது. "பாவம், ஒண்டிக்கட்டைப் பொம்பளை. அவ தறி வெறுமையாக் கெடக்கறத நாம பாத்துட்டு இருக்கப்படாது" என்று ஒரு கிடேரியைத் தானே வாங்கிவந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து அவள் காட்டில் விட்டார். ராமாத்தாள் அவர் காலில் விழப் போனாள்.

மூன்றாம் நாள் விடியலில் மயிலை கன்றை வீசிவிட்டது. நாலு மாதக் கரு. சென்னியப்பன் போனபோது மாடு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதுக் கிடேரிக்கும் மற்ற இரண்டுக்கும் சரியான தூரத்தில் நின்று, கதிரை நக்கிக்கொண்டிருந்தது. கரு விழுந்த இடத்தைச் சுற்றி மட்டும் புல் ஒரு விரல் கூடுதலாக வளர்ந்திருந்தது.

அந்தப் புல்லை உருவாக்கிய ஆராய்ச்சிக்காரி மெர்லின். மார்த்தாண்டத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். சென்னியப்பன் போன் செய்த மறுநாளே வந்து கருவையும் கதிர்களையும் ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவர் ஊருக்குள் நுழையவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு அவரை அங்கே வரச் சொன்னார். அவர் ஆசையாகக் கொண்டுபோன சொம்புப் பாலைப் பார்த்ததும் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அண்ணே, இந்தப் புல்லுக்குள்ள ஒரு பூஞ்சை குடியிருக்கு. நாங்கதான் குடிவெச்சோம். அதனாலதான் வறட்சியைத் தாங்குது. அந்தத் தேனும் அதோடதுதான். வழக்கமா இந்த மாதிரிப் பூஞ்சை மாட்டுக்கு விஷம். சினை நிக்காது, பால் வத்தும், குளம்பு அழுகும். அந்த விஷத்தை எடுத்துட்டுத்தான் உங்களுக்குக் கொடுத்தோம்."

"அப்பறம் ஏனுங் மேடம் இப்பிடி?"

"கூடவே இன்னொண்ணும் கேட்டோம். எத்தனை மேஞ்சாலும் அழியாத புல்லு வேணும்னு கேட்டோம்." மெர்லின் கார் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "மாடு பெருகினாத்தானே புல்லு அழியும்? அதனால அது மாட்டைப் பெருக விடலை."

"எத்தன மாடு நிக்குதுன்னு புல்லுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"மூச்சு. தேனை நக்குற மாட்டோட உடம்புக்குள்ள பூஞ்சை போயிடுது. பிறகு அந்த மாடு விடற மூச்சுல அதோட வாசம் இருக்கு. வேலிக்குள்ள எத்தனை மூச்சுன்னு புல்லுக்குத் தெரிஞ்சிடுது. நிலம் தாங்குற அளவு நிறைஞ்சிருந்தா கரு நிக்காது. ஒரு மூச்சு குறைஞ்சா ஒரு கருவுக்கு வழிவிடும். அந்த அம்மாவோட மாடு அப்படித்தான் சினையாச்சு. உங்க சம்பந்தி ஒரு கிடேரியைக் கொண்டுவந்து விட்டார், இடம் நிறைஞ்சுபோச்சு."

சென்னியப்பன் ஊர்க் கட்டுப்பாட்டை நினைத்தார். குளம்படி காய்வதற்குள் என்று பார்த்துப் பார்த்து, காலியான ஒவ்வொரு இடத்தையும் ஊரே சேர்ந்து அன்றன்றைக்கே அடைத்து வைத்திருக்கிறது. ஒருத்தராவது ஒரு வாரம் சோம்பேறியாக இருந்திருந்தால் எத்தனையோ கன்று பிறந்திருக்கும்.

"பாலு மட்டும் ஏனுங்க வத்தறதில்ல?"

"பால் நின்னா நீங்க அந்தக் காட்டை உழுது போட்டிருப்பீங்க" என்றார் மெர்லின். "நீங்க உழாம இருக்கறதுக்குத்தான் பாலுன்னு நான் நினைக்கிறேன் அண்ணே."

சொம்பிலிருந்த பாலில் ஆடை படிந்திருந்தது. சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பால அன்னாடம் குடிக்கற மனுசருக்குங் மேடம்?"

"நானும் அதைக் கேட்கத்தான் வந்தேன். உங்க ஊர்ல கடைசியா எப்போ குழந்தை பொறந்துச்சு?"

அவருக்குத் தெரியவில்லை. சாந்தாமணிக்குத் தெரியும். அவள் ஊர் அங்கன்வாடியில் சமையல் செய்கிறவள். அன்று மத்தியானம் சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"மூணு வயசுக்குக் கீழ ஒரே ஒரு கொழந்தைங்க" என்றாள் அவள். "இப்பிடியே போனா சென்டர மூடிப்போடுவாங்க. சுப்பண்ணன் செத்த பத்தாம் மாசம் நெசவுக்காரரு ஊட்டுல ஒரு பையன் பொறந்தான். அவ்வளவுதான். வாத்தியாரு திருப்பூருக்குப் போனப்பறம் அவரு மக கோமதி உண்டானா. அதும் நிக்கல. மேக்கால ஊட்டுப் பையன் பிருந்தாவைக் கட்டிட்டு வந்தானே, அந்த வாரம் கலைஞ்சு போச்சு. புதுப்பொண்ணு வந்த நேரம் சரியில்லைன்னு பேசிக்கிட்டாங்க."

சென்னியப்பன் எழுந்து வாசலுக்குப் போனார். விதை தூவிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்துக்கொண்டார். மகளின் வயிற்றை அடைத்தவன் நான்தான் என்று அவருக்குத் தோன்றியது. வேறு யாரைக் குற்றம் சொல்ல?

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மனிதர் சங்கதியைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மாட்டைப் பற்றி மட்டும் சொன்னார். புல்லை உழுது, எரித்து, மூன்று வருடம் தரிசாகப் போட்டால் பூஞ்சை போய்விடும் என்று மெர்லின் மேடம் சொன்னதைச் சொன்னார்.

"மூணு வருசம் மாட்டுக்கு எதப் போடறதுங்?" என்று ஒருவர் கேட்டார். "கன்னு வேணும்னா சந்தையில புடிச்சுக்கலாமுங் சம்மந்தி" என்றார் தெய்வசிகாமணி. "இப்பிடிப் பாலு எந்தச் சந்தையில கெடைக்கும்? மழ பேயாத சீமையில நம்மூரு மட்டும் பச்சையா இருக்குது. கொண்டாந்து குடுத்தவரே புடுங்கச் சொன்னா எப்பிடிங்?"

யாரும் கோபப்படவில்லை. எல்லாரும் அவரிடம் பிரியமாகவே பேசினார்கள். அவர் பேச்சு எடுபடாமல் நின்றபோதுதான் கவனித்தார். நெருக்கியடித்து உட்காருகிற கூட்டம், கோயில் களம் முழுக்கப் பரவி உட்கார்ந்திருந்தது. ஒருவர் தோள் ஒருவர் மேல் படவில்லை. அவர் நகர்ந்து தூணோரம் போனார். பக்கத்திலிருந்தவர், தாம் செய்வது தமக்கே தெரியாமல், அரை முழம் தள்ளி உட்கார்ந்தார்.

அதற்கு மேல் சென்னியப்பன் யாரிடமும் பேசவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தனியார் பால் பண்ணையில் ஆள் கேட்கிறார்கள் என்று சாந்தாமணியிடம் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டும் என்று அவள் சண்டை போட்டாள். கை மறந்துபோய்விடும் போலிருக்கிறது, நாலு மாட்டைச் சினையாக்கிவிட்டு வருகிறேன் என்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொன்னால் அவள் தானே கிளம்பிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அவளில்லாமல் தாரணி தாங்க மாட்டாள். கிளம்பும்போது ஒரு பாட்டில் நெய்யைப் பையில் வைத்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் அதை ஜன்னல் வழியாகச் சாலையோரத்து முள்ளில் எறிந்தார். எறிந்துவிட்டு, என்ன பைத்தியக்காரத்தனம் செய்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்த ஓர் இடம் தாரணிக்கே கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? கைராசி என்று ஒன்று மிச்சமிருந்தால் இந்த ஒரு தடவை காட்டட்டும் என்று குலதெய்வத்தைக் கும்பிட்டார்.

ஐப்பசியில், தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், சாந்தாமணி போனில் அழுதாள். சந்தோஷ அழுகை. தாரணிக்கு நாற்பத்தைந்து நாள்.

சென்னியப்பன் பண்ணையிலிருந்த நூற்றுச் சொச்சம் மாடுகளுக்கும் வெல்லம் வாங்கிக் கொடுத்தார். பிறகு மெர்லினைக் கூப்பிட்டார்.

"நீங்க திரும்பிப் போகாதீங்க அண்ணே" என்றார் அவர். வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. "வெளியாள் வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போனா அது கணக்கில்லை. உங்க உடம்புல ஏற்கெனவே இருக்கு. நீங்க அந்த ஊர் எல்லைக்குள்ள மூச்சுவிட்டா அதுக்குத் தெரிஞ்சிடும்."

"அப்ப புள்ளைய வெளிய கூட்டிட்டு வந்தர்றனுங்."

"அதுவும் வேண்டாம். எங்க பண்ணையில இந்தப் புல்லை மேஞ்ச சினை மாடு ரெண்டை வெளிய கொண்டுவந்து வேற தீனி போட்டுப் பார்த்தேன். தேன் நின்ன வாரமே ரெண்டும் வீசிடுச்சு. அந்தக் கரு அதைக் குடிச்சுத்தான் வளருது."

"பொறந்ததுக்கப்பறங்?"

"குழந்தையும் ஒரு மூச்சுதானே அண்ணே. உங்க இடம் நிறைஞ்சிருக்கும்."

தைப் பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். மாசித் திருவிழாவுக்குக் காய்ச்சல் என்றார். பங்குனியில் போனை எடுக்கவே இல்லை. "எம்மேல என்னங்ப்பா கோவம்?" என்று தாரணி கேட்டபோது, பண்ணையின் தீவனக் கிடங்கில் ஒளிந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டார். வைகாசியில் ஒன்பதாம் மாதக் கட்டுச்சோறு. பெற்றவர்கள் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு மகளைக் கூட்டி வர வேண்டிய விசேஷம். "நீங்க வல்லைன்னா நான் மணையில உக்கார மாட்டனுங்ப்பா" என்று அழுதாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். தார் ரோட்டு வரைக்கும் போய், தூரத்திலிருந்து முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடிப்பதாகத் திட்டம்.

காலை பத்து மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கினார். இறங்கியதும் திகைத்துப் போனார்.

நிழற்குடையை ஒட்டி, கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம், கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் திருப்பூருக்குப் போன வாத்தியாரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சாந்தாமணி போனில் சொன்ன ராமாத்தாள் இருந்தாள். இன்னும் இரண்டு வயசாளிகள். எல்லாரும் நல்ல துணி உடுத்தி, விசேஷத்துக்கு வந்த முகமாக இருந்தார்கள்.

"வாங் சென்னியப்பா, இப்பிடி நெழல்ல உக்காருங்" என்றார் வாத்தியார். "நான் போயிக் கோமதிக்கு நிக்கல பாத்தீங்களா, அப்பறம் இவளையும் கூட்டிட்டுப் போனதும் நின்னுது. பையன் பொறந்து இருபது நாளாச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிட்டு வந்து காட்டுனா."

சென்னியப்பன் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உலகத்தில் தனக்கு மட்டும் தெரியும் என்று ஒன்பது மாதம் நெஞ்சில் சுமந்தது, இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

தெய்வசிகாமணி வேலிக்குள்ளிருந்து வந்தார். இரண்டு கையிலும் இலைப் பொட்டலங்கள். ரோட்டோரம் வந்து சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. "உள்ளார வாங்கன்னு கூப்புடோணும். கூப்புட முடியாத பாவியாயிட்டனுங் சம்மந்தி. எட்டு வகைச் சோறும் கொண்டாந்திருக்கறன், வயிறாரச் சாப்புடோணும்."

"உங்களுக்கு எப்பங் தெரியும்?"

"வாத்தியாரு போயிக் கோமதி உண்டானப்பவே ஊருக்குத் தெரியுமுங்க" என்றார் தெய்வசிகாமணி தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆருகிட்டயும் போங்கன்னு வாயத் தொறந்து சொல்ல முடியுங்களா? நீங்களா மனசு வெச்சுப் போனீங். எங்கொலத்தக் காப்பாத்துனீங்."

தீபாவளிக் கெடு யார் காதில் விழுவதற்காகச் சொல்லப்பட்டது என்று சென்னியப்பனுக்கு அப்போது விளங்கியது. கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

வேலிக்கு அப்பால் தாரணி வந்து நின்றாள். இரண்டு கை நிறைய வளையல், நெற்றி நிறையக் குங்குமம், முன்னே தள்ளிய வயிறு. போனில் அத்தனை அழுதவள் 'வாங்கப்பா' என்று சொல்லவில்லை. யாரோ அன்று காலை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்தபடியே ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். அவர் தலையாட்டினார். நல்லா இருக்கிறேன், நல்லா இரு என்று சைகை காட்டினார். பின்னால் சாந்தாமணி யாருக்கோ சந்தனம் கொடுத்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

மகள் உள்ளே போனதும் இலையைப் பிரித்தார். சாப்பிட முடியவில்லை. அப்போது ஒரு பெண் டம்ளரில் பாயசத்தோடு வந்து பக்கத்தில் தயங்கி நின்றாள். மேற்கால வீட்டு மருமகள் பிருந்தா. இருபத்து மூன்று வயது முகம், அழுது அழுது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மாமா, பாயசமுங். தண்ணியில காச்சுனது, பாலில்லீங்."

"வெச்சுட்டுப் போ அம்மிணி."

அவள் போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "கோமதியக்காளுக்கு ஆயிருச்சுங். தாரணிக்கும் ஆயிருச்சுங். எங்களுக்குக் கண்ணாலமாயி ரெண்டு வருசமாச்சு. எங்க அத்தையும் மாமனும் எப்பவோ போய்ச் சேந்துட்டாங்க, எங்களுக்குன்னு போறதுக்கு ஆருமில்லீங்." கெஞ்சுகிற கண்களை அவர் முகத்திலிருந்து எடுக்காமல், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "அத்தை எப்பங் மாமா கெளம்பறாங்க?"

யாரைச் சொல்கிறாள் என்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு வேலிக்கு உள்ளே, சந்தனக் கிண்ணத்தோடு வளைய வந்துகொண்டிருந்த சாந்தாமணியைப் பார்த்தார். பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து கத்த வேண்டும் என்றிருந்தது. இந்தப் பெண்ணை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்றுகூட இருந்தது. அவள் வயசுதான் தாரணிக்கும்.

"ஆனியில பொறந்துரும் அம்மிணி" என்று தன் குரல் சொல்வதைச் சென்னியப்பன் கேட்டார். "பேரன் மொகத்த மட்டும் பாத்துக்கட்டும். ஆடி பொறந்ததும் அனுப்பி வெச்சர்றேன்."

"அவசரமில்லீங் மாமா" என்றாள் பிருந்தா. முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வேலிக்கு உள்ளே போனாள்.